இரண்டு பக்கமும் ஒரு சாண்

லாரி கொட்டகைக்கு வெளியே நின்றிருந்தது. தானியேல் லாரிக்குள்ளே உட்கார்ந்திருந்தான். அரை மணி நேரமாக இரண்டு பேருமே அசையவில்லை.

"இன்னா தானியேலு, ஜெபம் பண்றியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் மேஸ்திரி சம்பத்.

"கொட்டாய அளவு பாத்துக்கினு இருக்கேன் மேஸ்திரி."

"அளவெல்லாம் நான் பாத்தாச்சி. இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். என் கையால அளந்து கட்டினது. வண்டியத் திருப்பி, பின்னாலயே உள்ள வுடு. மூஞ்சி தெருவப் பாத்து நிக்கணும்."

"மூஞ்சி உள்ள பாத்து நின்னா இன்னா மேஸ்திரி?"

சம்பத் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "நாலு மணி ரயிலுக்கு மொதலாளி மெட்ராசுல இருந்து தொரைய இட்டுக்கினு வர்றாரு. நம்ம தோலெல்லாம் வாங்கப் போற தொரை. கம்பெனி பேரு லாரி நெத்தியில எழுதியிருக்குது. நீ தொரைக்கு முதுகக் காட்டச் சொல்றியா?"

தானியேல் ஸ்டீரிங்கைத் துடைத்தான். சொல்ல வேண்டிய பதிலைச் சொன்னால் வேலை போய்விடும்.

ஆம்பூரில் மக்பூல் அகமது சாயபுவின் தோல் கம்பெனிக்கு லாரி வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அதுவரை ஆவாரம்பட்டை மூட்டைகளும் பதனிட்ட தோலும் காசியின் மாட்டு வண்டியில்தான் போய் வந்தன. முப்பத்திநாலாம் வருஷத்தில் இன்னும் மாட்டை நம்பிக்கொண்டிருக்க முடியாது என்று சாயபு பெங்களூருக்குப் போய் லாரி வாங்கி வந்தார். அதற்குப் பச்சை வர்ணம் பூசி, நெற்றியில் பெயர் எழுதி, டிரைவராகத் தானியேலை வைத்தார்.

தானியேல் அதற்கு முன் நாலு வருஷம் வேலூர் – ஆம்பூர் பஸ்ஸில் கிளீனர். பள்ளிகொண்டா தாண்டி, சாலை நேராகப் போகிற இடங்களில், பஸ் டிரைவர் அவனிடம் வண்டியைக் கொடுத்துக் கற்றுக்கொடுத்தார். ஆனால் பஸ்ஸைப் பின்னால் எடுக்க வேண்டி வந்தால் மட்டும் அவனை இறக்கிவிட்டுத் தாமே ஏறிக்கொள்வார். "முன்னால போறது கழுதைக்கும் வரும்டா. பின்னால போறது பெரிய வித்தை. அது ரத்தத்துல இருக்கணும்" என்பார்.

லைசென்ஸ் பரீட்சை வேலூர்க் கோட்டை மைதானத்தில் நடந்தது. சார்ஜண்ட் துரை, 'வண்டியைத் திருப்பு' என்று கையைக் காட்டினார். தானியேல் மைதானத்தையே ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பிக்கொண்டு வந்தான். மைதானம் பெரிது. துரைக்கு வெயில் பொறுக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆக, தானியேலுக்கு ரிவர்ஸ் தெரியாது. இந்த ஒன்பது நாளாக அது தெரியாமலேதான் காலத்தை ஓட்டினான். கூப்பிடு தூரத்து ஸ்டேஷனுக்குத் தோல் ஏற்றிக்கொண்டு போன லாரி, மாதனூர் வரைக்கும் போய், அகலமான இடம் பார்த்து வட்டம் போட்டு வரும். கேட்டால், "இஞ்சினு நல்லா சூடாகணும் மேஸ்திரி" என்பான். இப்படி இஞ்சினைக் கண்போலக் காக்கிற டிரைவர் ஆம்பூர் ஜில்லாவிலேயே இல்லை என்று சம்பத், ஆம்பூரை ஒரு ஜில்லாவாகவே ஆக்கி, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் பாலாற்றங்கரையில், ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, பஸ் டிரைவர் இழுக்கிற மாதிரியே கியர்க் கம்பியை இழுத்துப் பார்த்தான். அம்மி கொத்துகிற மாதிரி கரகரவென்று சத்தம் வந்தது. லாரி நகரவில்லை. பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த கழுதைதான் நகர்ந்து போயிற்று. பஸ் டிரைவர் சொன்னது உண்மைதான், தன் ரத்தத்தில் அது இல்லை என்று அன்றைக்கே தானியேல் முடிவு கட்டிவிட்டான்.

இப்போது சம்பத் எதிரிலேயே நிற்கிறார். வேறு வழியில்லை. தானியேல் கண்ணை மூடிக்கொண்டு கம்பியை இழுத்தான்.

கர்ர்ர்ர்.

"அரே, யாருடா அது? மெஷின்ல கல்லப் போட்டு அரைக்கறது?" என்று பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. சாயபுவின் அக்கா ஹலீமா பீ. கொட்டகைக்கு இடது பக்கம் அவள் வீடு, வலது பக்கம் பட்டைக் கிடங்கு. ஹலீமா பீக்குத் தூக்கம் கம்மி, கோபம் ஜாஸ்தி.

"ஒண்ணுமில்ல பீம்மா! இஞ்சினு செருமுது!" என்றான் தானியேல்.

அந்தக் கணத்தில் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. கீழே குதித்தான்.

"மேஸ்திரி, இது புதுக் கொட்டாயி. மொத மொதல்ல உள்ள போற வண்டி முதுகக் காட்டிக்கினா போவும்? புதுப்பொண்ணு வூட்டுக்குள்ள வரும்போது திரும்பி நின்னுக்கினு வருதா?"

சம்பத்துக்குச் சகுனம் என்றால் உயிர். முகம் மாறிவிட்டது. "அட, ஆமாம்! நீ வேதக்காரன், ஒனக்குத் தோணுது. எனக்குத் தோணல பாரு."

"கொட்டாய்க்குப் பின்பக்கம் வெறும் கீத்துத் தட்டிதானே? அத அவுத்துட்டா, தோல் காயப்போடற மைதானத்து வழியா வந்து, பின்பக்கமா நொழைஞ்சி, நேரா தெருவப் பாத்து நின்னுடுவேன். முதுகும் காட்டல, மூஞ்சியும் தெருவப் பாத்தாச்சி."

"புத்தின்னா இது புத்தி!" என்றார் சம்பத்.

தட்டியை அவிழ்த்தார்கள். தானியேல் லாரியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி, கம்பெனியின் பின்வாசல் வழியாக மைதானத்துக்குள் வந்தான். மைதானம் முழுக்க மூங்கில் நட்டு, கயிறு கட்டி, ஆட்டுத்தோல்களைக் காயப்போட்டிருந்தார்கள். நடுவில் மாட்டு வண்டி போகிற அளவுக்கு ஒரு பாதை. லாரி மாட்டு வண்டியைவிட அரை முழம் அகலம்.

அந்த அரை முழத்தில் முதல் கயிறு மாட்டியது. அது இரண்டாவது கயிற்றை இழுத்தது. லாரி கொட்டகையை நெருங்கும்போது, அறுபது எழுபது தோல்களைத் தோரணம் போலக் கட்டிக்கொண்டு, கல்யாண ஊர்வலத்தில் வருகிற மாப்பிள்ளை மாதிரி வந்தது. கண்ணாடியில் ஒரு தோல் வந்து ஒட்டிக்கொண்டதால் தானியேலுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிரேக்கை மிதித்தான்.

தோலை விலக்கிப் பார்த்தால், லாரி கோணலாக நின்றுகொண்டிருந்தது. மூக்கு பட்டைக் கிடங்கின் சுவரை முட்ட ஒரு விரல் கடைதான் பாக்கி.

சம்பத் தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு கையை எடுத்தார். "போவட்டும், தோல அப்புறம் எடுத்துக் கட்டிக்கலாம். நீ ரெண்டு கெஜம் பின்னால எடு. வண்டி நேராயிடும்."

இரண்டு கெஜம்! தானியேலுக்கு அது பெங்களூர் தூரமாகத் தெரிந்தது.

"இஞ்சினு ரொம்ப சூடாயிடுச்சி மேஸ்திரி. இப்பப் போயி பின்னால எடுத்தா வெடிச்சிடும்."

சம்பத் நாலடி தள்ளிப்போய் நின்றுகொண்டார். "அப்ப இன்னா பண்றது?"

"மாடு கட்டி இழுக்கலாம்."

காசியைக் கூப்பிட்டார்கள். ஒன்பது நாளாகக் காசிக்கும் அவனுடைய இரண்டு மாடுகளுக்கும் அவ்வளவாக வேலை இல்லை. மூன்று பேரும் நன்றாகச் சாப்பிட்டு, வருத்தமாக இருந்தார்கள். லாரியின் கோலத்தைப் பார்த்ததும் காசியின் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது.

"இழுக்கறேன். ஆனா ஒரு வார்த்த சொல்லணும்."

"இன்னா வார்த்த?"

"'லாரி வந்தாலும் மாடுதான் பெரிசு'ன்னு சொல்லு. எம் மாடு காதுல வுழற மாதிரி சொல்லணும்."

"காசி, நேரமாவுது!"

"அப்ப நாங்க போயி சாப்பிடறோம்."

தானியேல் இடது மாட்டின் காதருகில் போய்ச் சொன்னான். வலது மாட்டுக்கும் சொன்னான். காசிக்கு ஒரு தடவை சொன்னான். பிறகு லாரியின் பின்பக்கம் கயிற்றைக் கட்டி மாடுகளைப் பூட்டினார்கள்.

"ஹேய்... ஹை!" என்றான் காசி.

மாடுகள் இழுத்தன. லாரி நகர்ந்தது. இரண்டு கெஜமும் வந்துவிட்டது. "போதும், போதும்!" என்று சம்பத் கத்தினார். மாடுகள் நின்றன. லாரி நிற்கவில்லை. அந்த மைதானம் ஹலீமா பீ வீட்டுக் கொல்லைப் பக்கம் கொஞ்சம் சரிவு என்பது மழைத் தண்ணீருக்குத் தெரியும், மேஸ்திரிக்குத் தெரியாது. பிரேக் போட வேண்டிய தானியேல் மாட்டின் காதருகிலேயே நின்றுகொண்டிருந்தான்.

முதுகுக்குப் பின்னால் ஒரு லாரி உருண்டு வருவதை உணர்ந்த மாடுகள், கயிற்றை அறுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாக ஓடின. லாரி தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் கம்பீரமாகப் பின்னால் போய், ஹலீமா பீயின் மண்சுவரை இடித்துக்கொண்டு கொல்லைக்குள் நுழைந்து, பின்சக்கரம் சாக்கடைப் பள்ளத்தில் இறங்க, தடாலென்று நின்றது.

புழுதி அடங்கியது. ஹலீமா பீ துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், கையில் ஒரு ஈரத்துணியோடு நின்றுகொண்டிருந்தாள். லாரியின் பின்பக்கம் அவளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றிருந்தது. அவள் ஈரத்துணியை நிதானமாகப் பிழிந்து உதறினாள்.

"இது எந்தம்பி லாரியா?"

"ஆமா பீம்மா."

"சாமான் ஏத்த வந்திச்சா, என்ன ஏத்த வந்திச்சா?"

இதற்குள் ஹலீமா பீயின் கோழிகள் லாரி மேல் ஏறிவிட்டன. அவளுடைய கிடா ஒன்றும் தாவி ஏறி, ஒரு மூட்டை மேல் நின்றுகொண்டது. அந்த லாரியில் எத்தனையோ ஆடுகள் ஏறியிருக்கின்றன. தோலுக்குள்ளே உடம்போடு ஏறியது இதுதான் முதல்.

தானியேல் ஓடிப்போய் லாரியை முன்னால் எடுக்கப் பார்த்தான். முன்னால் போவது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பின்சக்கரம் பள்ளத்தில் நின்ற இடத்திலேயே சுழன்று, சேற்றை வாரி அடித்தது. சம்பத்தின் வெள்ளை வேட்டியும் சட்டையும் நெற்றியில் இருந்த நாமமும் ஒரே நிறமாயின.

"நிறுத்துடா!" என்றார் சம்பத். மேஸ்திரி அவனை முதல் தடவையாக 'டா' போட்டது அப்போதுதான்.

மணி இரண்டரை.

அந்த நேரம் பார்த்து சவுரியம்மாள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். தானியேலின் பெண்சாதி. புருஷன் டிரைவர் ஆன நாளிலிருந்து அவனுடைய காக்கிச் சட்டையைத் துவைத்துத் தெருப்பக்கம்தான் காயப்போடுகிறாள். காய்ந்த பிறகும் எடுப்பதில்லை.

அவள் லாரியைப் பார்த்தாள். இடிந்த சுவரைப் பார்த்தாள். மேஸ்திரியைப் பார்த்து, முதலில் அடையாளம் தெரியாமல், பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். புருஷனைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"இன்னாய்யா ஆச்சி?"

"சவுரி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லுவேன். கத்தக் கூடாது."

"சொல்லு."

"எனக்கு ரிவர்ஸ் வராது."

"அப்பிடின்னா?"

"வண்டியப் பின்னால ஓட்டத் தெரியாது. முன்னால மட்டும்தான் தெரியும்."

சவுரியம்மாள் கத்தவில்லை. தெருவில் காயும் காக்கிச் சட்டையும், 'டிரைவரம்மா' என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டுக்காரியும், கிளீனர் பெண்சாதியாகக் கழித்த நாலு வருஷமும் அவள் கண்ணுக்குள் வந்து போயிருக்க வேண்டும்.

"பாதி வண்டி ஓட்டத் தெரிஞ்சிக்கினுதான் முழுச் சம்பளம் வாங்கினியா?"

"கத்தாத."

"நான் எங்கய்யா கத்தறேன்? சரி, இந்த வண்டி எங்க நிக்கணும்?"

"கொட்டாய்க்குள்ள. மூஞ்சி தெருவப் பாத்து."

"ஓட்டத் தெரியலன்னா தூக்கி வெக்கறது."

"லாரியவா?"

"போன வருசம் எங்கண்ணன் வூட்டுக் கூரைய முழுசா தூக்கினு போயி அடுத்த மனையில வெக்கல? நாப்பது பேரு. கூழு குடிச்சிட்டு வந்து தூக்கினாங்க. இங்க எத்தினி பேரு வேல செய்றாங்க?"

"அம்பது பேரு இருப்பாங்க."

"அப்புறம் இன்னா?"

அவள் தூக்கை அவன் கையில் கொடுத்துவிட்டு, நேராகச் சம்பத்திடம் போனாள். "மேஸ்திரி, தொரை வந்து இந்தச் சொவரப் பாத்தாருன்னா, வண்டி ஓட்டினவரு யாருன்னு கேக்க மாட்டாரு. கொட்டாயக் கட்டினது யாரு, தட்டிய அவுக்கச் சொன்னது யாருன்னுதான் கேப்பாரு."

சம்பத்துக்குச் சேற்றுக்குள்ளேயே வியர்த்தது. அடுத்த நிமிஷம் கம்பெனி மணியை அடித்தார்.

சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர்கள், பட்டை இடித்தவர்கள், தோல் சீவினவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். சரிந்து கிடந்த மூங்கில்களை லாரிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாகச் செருகினார்கள். ஓடிப்போன மாடுகளைப் பிடித்துக்கொண்டு வந்த காசி, அவற்றை ஓரமாகக் கட்டிவிட்டு, தானே ஒரு மூங்கில் முனையைப் பிடித்தான்.

"நீயா தூக்கற?" என்றான் தானியேல்.

"மாடு வேடிக்கை பாக்கட்டும். அதுங்களுக்கு இன்னிக்கித் திருவிழா."

"தூக்கு, ஐலசா!"

லாரி பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம் போட்டு எழுந்தது. கோழிகள் பறந்தன. கிடா மட்டும் இறங்க மறுத்து அங்கேயே நின்றது. பின்சக்கரம் பள்ளத்தை விட்டு வெளியே வந்தது.

"இனிமே நான் ஸ்டார்ட் பண்ணி முன்னாலயே போயி..." என்று ஆரம்பித்தான் தானியேல்.

"இஞ்சின மட்டும் தொடாத!" என்று ஐம்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"ஸ்டீரிங்க மட்டும் புடிச்சிக்கினு ஒக்காருய்யா" என்றாள் சவுரியம்மாள்.

தானியேல் ஏறி உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டான். லாரி மைதானத்தின் மேல் மிதந்து போயிற்று. உற்சவர் மாதிரி தானியேல் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருக்க, பின்னால் கிடா நின்றிருந்தது. யாரோ ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு மூங்கில் வழியாகவே ஓடின மாதிரி எல்லாருக்கும் தொற்றிக்கொண்டது. நடுவில் ஒரு தடவை லாரியைக் கீழே வைத்துவிட்டு, சிரித்து முடித்துவிட்டு மறுபடி தூக்க வேண்டியிருந்தது. வாசல்படியில் நின்றிருந்த ஹலீமா பீ, "அந்தப் பக்கம் கொஞ்சம்! இந்தப் பக்கம் கொஞ்சம்!" என்று கத்திக்கொண்டிருந்தாள். சுவர் இடிந்தது அவளுக்கு மறந்தே போயிற்று.

கொட்டகைக்கு நேராக இறக்கி, மூங்கில்களை உருவிவிட்டுத் தள்ளியதும், லாரி உள்ளே போய் உட்கார்ந்தது. சம்பத் ஓடிப்போய்ச் சாண் வைத்துப் பார்த்தார். இந்தப் பக்கம் ஒரு சாண். அந்தப் பக்கம் ஒரு சாண். மூஞ்சி தெருவைப் பார்த்து.

ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் கூவியது.

அதற்கப்புறம் நடந்ததை எவராலும் வரிசையாகச் சொல்ல முடியாது. தட்டி கட்டினார்கள். கயிறு கட்டித் தோல்களை மாட்டினார்கள். சுவரில் விழுந்த ஓட்டையை மறைத்து இரண்டு வரிசைத் தோல் அதிகமாகத் தொங்கியது. கிடாவை நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள். சம்பத் குளித்துவிட்டு, காசியின் வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். 'பின்சொவர செங்கல்லுல கட்டித் தர்றேன் பீம்மா' என்று அவர் காதோடு சொன்னதற்கு, 'ரெண்டு ஆள் ஒயரம்' என்று ஹலீமா பீயும் காதோடு சொன்னாள்.

சாயபுவும் துரையும் ஜட்காவில் வந்து இறங்கினார்கள். துரை லாரியின் நெற்றியில் இருந்த பெயரைப் படித்தார், தலையை ஆட்டினார், தோல் பார்க்கச் சம்பத்தோடு உள்ளே போய்விட்டார்.

சாயபு போகவில்லை. லாரிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

கொஞ்ச நேரம் பார்த்தார். குனிந்து சக்கரங்களைப் பார்த்தார். உடம்பை ஒடுக்கிக்கொண்டு இடது பக்கச் சாணில் நுழைந்து, பின்னால் போய்த் தட்டியைத் தொட்டுப் பார்த்து, வலது பக்கச் சாண் வழியாக வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"யாரு நிறுத்தினது?"

ஐம்பது பேரும் தானியேலைப் பார்த்தார்கள்.

தானியேல் முன்னால் வந்தான். இந்தப் பொய்யோடு இன்னொரு நாள் ஓட்ட முடியாது என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் திரும்ப பஸ்ஸுக்கே கிளீனராகப் போய்விடுவது என்று வாயைத் திறந்தான். "மொதலாளி, அந்த ரிவர்ஸு..."

"ஆமா மொதலாளி! ரிவர்ஸ்லதான் நிறுத்தினாரு!" என்று பின்னாலிருந்து சவுரியம்மாளின் குரல் வந்தது. "ஒரே தடவ! நாங்க எல்லாம் பாத்தோம்!"

"பாத்தோம், பாத்தோம்!" என்றார்கள் எல்லாரும். காசியின் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

சாயபு தானியேலை ஏற இறங்கப் பார்த்தார். சாயபுவின் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் இருந்த பட்டை மூட்டை மேல் மெதுவாக உட்கார்ந்தார். எழுந்து வந்து தானியேலின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தானியேலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாயபு ஜன்னல் பக்கம் திரும்பி, அக்காவிடம் உருதுவில் மளமளவென்று ஏதோ சொன்னார்.

ஹலீமா பீ கேட்டுக்கொண்டே வந்தவள், திடீரென்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னா பீம்மா சொல்றாரு மொதலாளி?" என்றான் தானியேல்.

ஹலீமா பீ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அரே தானியேலு, அந்த லாரிக்கு ரிவர்ஸ் கியரே கெடையாதாம், பெங்களூர்ல வாங்கும்போதே ஒடஞ்சி போனதாம், சொன்னா நீ வேலைக்கு வரமாட்டேன்னு ஒன்பது நாளா ஒங்கிட்ட மறைச்சிக்கினு இருந்தானாம்!"